நிவாரணம் வாங்கிய யானை

உதவி செய்யக் கிளம்புகிறவர்களிடம் யாரும் ஒரு விஷயத்தை முன்கூட்டிச் சொல்வதில்லை. போன இடத்தில் நமக்கே உதவி தேவைப்படலாம். கயிறு கட்டி இழுக்கிற அளவுக்குக்கூடத் தேவைப்படலாம். எனக்குத் தேவைப்பட்டது. நாளிதழில் படமும் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு பெரியபாளையத்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் எனக்குப் பழைய புடவை கொடுத்தனுப்பினார். நல்ல புடவை, கிழிசல் எதுவும் இல்லை.

அப்போது நான் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்பு உதிரி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் மனிதவளப் பிரிவு உதவியாளராக இருந்தேன். (பெயர்தான் பெரிது. யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்ப்பதுதான் வேலை.) கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெரியபாளையத்தில் பவானி அம்மன் கோயில் பக்கத்தில் என் மாமியாருக்குத் தேங்காய், பூ, மஞ்சள் விற்கும் கடை. 'என் மருமகள் கம்பெனியில் ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள்' என்று அத்தை வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பெருமைக்கு ஆயுசு கம்மி என்று அவருக்கு அப்போது தெரியாது.

அந்த வருஷம் கார்த்திகையில் புயல் அடித்தது. பொன்னேரிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் ஆரணி ஆற்றுக்கரை உடைந்து, ஒரே ராத்திரியில் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. ஊருக்குக் கடைசியில், வயலை ஒட்டி நின்ற நடுநிலைப் பள்ளிக்கூடம் ஜன்னல்வரை மூழ்கியது. தண்ணீர் வடிந்தபோது வகுப்பறைக்குள் சேறு இருந்தது, பெஞ்சுகள் வயலில் கிடந்தன. வயல் பக்கத்துச் சுற்றுச்சுவர் மொத்தமாகச் சாய்ந்திருந்தது. (இந்தச் சுவரைக் குறித்துக்கொள்ளுங்கள். இது மட்டும் நின்றிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே இல்லை.)

நிறையப் பேர் வந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் சேற்றை வாரிப் போட்டார்கள். மகளிர் குழுவினர் பள்ளி மைதானத்தில் அடுப்பு மூட்டி ஊருக்கே சமைத்தார்கள். லாரி உரிமையாளர்கள் சங்கம் ஒன்று அரிசி, பாய், பக்கெட் கொடுப்பதாகச் சொன்னது. எங்கள் கம்பெனி பங்குக்குப் புது பெஞ்சும் புத்தகப் பையும். சனிக்கிழமைதோறும் எங்கள் ஆட்கள் வேனில் போய்ச் சுவர் கழுவி, வெள்ளையடித்துவிட்டு வருவார்கள். நானும் போனேன். தரையை முட்டி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். வீட்டில் ஒரு நாளாவது அப்படிக் கழுவியிருக்கிறேனா என்று அத்தை இன்றைக்கும் கேட்பார்.

பள்ளிக்கூடம் தயாராகிவிட்டது. பிள்ளைகள்தான் வரவில்லை.

"பெஞ்ச் வந்துடுச்சு, பேக் வந்துடுச்சு. உக்கார ஆளைக் காணோமே மேடம்" என்றார் தலைமையாசிரியை ஸ்டெல்லா டீச்சர். வாசல்வரை வருவார்கள். வானம் கொஞ்சம் கறுத்தால் போதும், அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். பிள்ளைகள் வீட்டில் இருப்பதால் அம்மாக்களும் வேலைக்குப் போக முடியவில்லை. காலையில் சிப்காட் கம்பெனி வேன்கள் ஊருக்குள் வந்து, ஹாரன் அடித்துவிட்டு, பாதி காலியாகத் திரும்பின.

அப்படி நின்றுபோனவர்களில் செல்வியும் ஒருத்தி. எங்கள் கம்பெனியில் பேக்கிங்கில் வேலை செய்பவள். அவள் மகள் காவ்யா இரண்டாம் வகுப்பு. தண்ணீர் வந்த ராத்திரிக்குப் பிறகு அந்தக் குழந்தை அம்மா இடுப்பைவிட்டு இறங்கவே இல்லை.

"கக்கூசுக்குப் போனாகூட புடவைய புச்சிக்கினு வாசல்ல நிக்கிறா மேடம்" என்றாள் செல்வி. "இந்த வாரத்துக்குள்ள வரலன்னா வேற ஆள போட்டுருவேன்னு காண்ட்ராக்டர் சொல்லிட்டாரு. நான் இன்னா பண்றது, சொல்லுங்க."

காவ்யாவைப் பார்த்துச் சிரித்தேன். அவள் முகத்தை அம்மா கழுத்தில் புதைத்துக்கொண்டாள்.

எங்கள் மேனேஜர் ரகுராமன் சாரிடம் இதற்கெல்லாம் ஒரு பதில் இருந்தது. திங்கட்கிழமை பள்ளித் திறப்பை ஒரு திருவிழா மாதிரி நடத்துவது. பலூன், பாட்டு, கேசரி, கூடவே ஒரு யானை. அவர் மகளின் பிறந்தநாளுக்கு பஞ்சு உடம்பும் பெரிய தலையுமாக ஒரு யானை வேஷம் வந்ததாம். குழந்தைகள் மேலே விழுந்து கட்டிப் பிடித்தார்களாம். அதே வேஷத்தைச் சென்னையிலிருந்து வாடகைக்கு எடுத்துவிட்டார். யானையாவதற்கு, சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில் ஒரு பையனையும் பிடித்து வைத்திருந்தார்.

திங்கட்கிழமை காலை அந்தப் பையனுக்குக் காய்ச்சல்.

ரகுராமன் சார் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். வேஷம் குள்ளமானவர்களுக்குத் தைத்தது. எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்து நின்றேன். காரணம் இரண்டு. ஒன்று, என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு அவர் மேஜையில் ரொம்ப நாளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு, பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் நான் மரமாக நடித்திருக்கிறேன். (வசனம் கிடையாது. ஆனால் காற்றில் ஆடிய விதத்தைத் தமிழம்மா பாராட்டினார்.)

"நான் போடுறேன் சார்."

"குட் சுகந்தி. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. என்ன நடந்தாலும் பேசக்கூடாது. யானை பேசாது. பேசினா பசங்களுக்கு மாயம் கலைஞ்சிடும்."

சத்துணவுக் கூடத்தில் வைத்து எனக்கு யானையை மாட்டிவிட்டார்கள். முதுகில் ஜிப்பை இழுத்தபோது ஏதோ நூல் சிக்கி, 'கர்ர்' என்று ஒரு சத்தம். "ஏறிடுச்சு" என்றார்கள். திரும்ப இறங்குமா என்று யாரும் யோசிக்கவில்லை. தலைக்குள் காற்றுக்கு ஒரு சின்ன ஃபேன் உண்டு, அது சுற்றவில்லை. வெளியே பார்க்க யானையின் வாய்தான் வழி. அந்த ஓட்டை வழியாக என் கால் தெரியாது, பக்கவாட்டு தெரியாது. நேர் எதிரே இருப்பது மட்டும் கொஞ்சம் தெரியும். உள்ளே முந்தைய யானைகள் எல்லாருடைய வியர்வையும் மிச்சமிருந்தது.

பாட்டு போட்டார்கள். நான் தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு மைதானத்துக்குள் நுழைந்தேன்.

வந்திருந்த பிள்ளைகள் கொஞ்சம் பேர். அதில் சின்னவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். பெரிய பையன்கள் ஓடவில்லை, ஆராய்ச்சியில் இறங்கினார்கள்.

"டேய், யானைடா!"

"யானைக்கு எங்கடா இம்மாம் முடி? கரடிடா அது. மூக்கு வீங்கிக்கிது."

நான் அவர்களைக் கவர ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். வராந்தாவில் படுத்திருந்த நாய்களை அப்போது நான் கணக்கில் எடுக்கவில்லை. வெள்ளத்தில் வீடிழந்து பள்ளிக்கூடத்துக்குக் குடிவந்த நாய்கள் அவை. புயல், இடி, படகு என்று எல்லாவற்றையும் பார்த்தவை, இரண்டு காலில் ஆடுகிற பஞ்சு யானையை மட்டும் பார்த்ததில்லை. முதல் நாய் குரைத்தது. மற்றவை எழுந்தன. ஏதோ ஒன்று என் வாலைக் கவ்வியது.

நான் ஓடினேன்.

மரமாக நடித்த அனுபவம் ஓட்டத்துக்கு உதவவில்லை. எங்கே ஓடுகிறேன் என்றே தெரியவில்லை. "லெஃப்ட்! லெஃப்ட்!" என்று ரகுராமன் சார் கத்துவது கேட்டது. அவருக்கு லெஃப்டா எனக்கு லெஃப்டா? எனக்கு லெஃப்டில் திரும்பினேன். சுவர் இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, வரப்பையும் தாண்டி, வயலுக்குள் போய் விழுந்தேன்.

சாதாரண வயல் சேறு என்றால் முழங்கால்வரை வரும். இது ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். மேலே பார்த்தால் தரை. காலை வைத்தால் இடுப்புவரை உள்ளே இழுக்கும். பஞ்சு முழுக்கத் தண்ணீரைக் குடித்தது. கையை ஊன்றினால் கையும் போனது. நிஜ யானையின் எடையை அன்றைக்கு நான் கொஞ்சம் உணர்ந்தேன்.

"ஐயோ! காப்பாத்துங்க! யாராவது வாங்களேன்!"

"சுகந்தி!" வரப்பிலிருந்து ரகுராமன் சார் அடித்தொண்டையில் கெஞ்சினார். "யானை பேசாது!"

நாய்கள் வரப்போடு நின்றுவிட்டன. அவற்றுக்கு என்னைவிட நிலவரம் தெரிந்திருந்தது.

சத்தம் கேட்டு ஊரே திரண்டது. வெள்ளத்துக்குப் பிறகு பள்ளிக்கூடத்தின் பக்கமே வராதவர்கள்கூட வந்தார்கள். அடுப்படியில் இருந்த மகளிர் குழு கரண்டியோடு வந்தது. வயலுக்குச் சொந்தக்காரர் முனிரத்தினம் தலையில் கட்டிய துண்டோடு வரப்பில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். (கீழே பார்க்க அதிகம் இல்லை.)

"இன்னா நைனா இது?" என்று ரகுராமன் சாரிடம் கேட்டார். "நட்ட நெல்லு போச்சு, போட்ட ஒரம் போச்சு. இப்போ இன்னாடான்னா யானை மொளச்சிக்கிது."

வரப்பு முழுக்கச் சிரிப்பு. அந்த ஊர் புயலுக்குப் பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான் என்று ஸ்டெல்லா டீச்சர் பின்னால் சொன்னார். எனக்கு அப்போது அது ஆறுதலாகப் படவில்லை. தலைக்குள் மூச்சு முட்டியது, சேறு வயிற்றுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. நான் நிஜமாகவே பயந்துபோய் அழ ஆரம்பித்தேன். தேம்பித் தேம்பி, சத்தமாக.

அந்த அழுகையை ஒருத்தி அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஐயய்யோ, இது நம்ம சுகந்தி மேடம் கொரலாச்சே! சிரிச்சினு நிக்கிறீங்களே, கயிறு கொண்டாங்கடி!"

செல்வி. இடுப்பில் காவ்யா. மாட்டைக் கட்டும் கயிறு வந்தது. செல்வி சேற்றில் இறங்க வேண்டும். இடுப்பில் பிள்ளையோடு எப்படி இறங்குவாள்? "எறங்குடி கண்ணு, மேடத்த தூக்கணும்" என்றாள். காவ்யா இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது நான் இன்னொரு முறை தேம்பினேன். காவ்யா திரும்பி யானையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, அம்மா இடுப்பிலிருந்து சறுக்கி இறங்கி, வரப்பு ஓரத்தில் என் முகத்துக்கு நேராக வந்து குந்திக்கொண்டாள்.

"அழாத யானை" என்றாள். "கீழ பாக்காத. என்னியே பாரு. ஒண்ணியும் ஆவாது. தோ வந்துட்டோம், தோ ஊடு வந்துருச்சு. என்னியே பாரு."

யானையின் வாய் வழியாக எனக்கு அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது. நான் அவளையே பார்த்தேன். அழுகை நின்றது. ஏன் என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை அவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது நம்பாமல் இருக்க முடியவில்லை.

செல்வியும் இன்னும் இரண்டு பெண்களும் பலகை போட்டு இறங்கி என் அக்குளில் கயிறு கட்டினார்கள். வரப்பில் மகளிர் குழு, கல்லூரிப் பிள்ளைகள், ரகுராமன் சார், முனிரத்தினம், பெரிய வகுப்புப் பையன்கள் எல்லாரும் வரிசையாகக் கயிற்றைப் பிடித்தார்கள். "ஐலசா" போட்டு இழுத்தார்கள். சேறு ஒரு பெரிய சத்தத்தோடு என்னை விட்டது. (என்ன சத்தம் என்று எழுத மாட்டேன். பையன்கள் அதை வாயால் செய்து காட்டிக்கொண்டே இருந்தார்கள்.) யானையின் ஒரு கால் மட்டும் வயலிலேயே தங்கிவிட்டது.

ஜிப் இறங்கவில்லை. ஸ்டெல்லா டீச்சர் மகளிர் குழுவின் மீன் வெட்டுகிற கத்தியால் முதுகைக் கிழித்து என்னை வெளியே எடுத்தார். ஆபரேஷன் நடக்கிற மாதிரி பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். உள்ளே இருந்து நான் வந்ததும், "அக்காடா!" என்று ஒருவன் ஏமாற்றத்தோடு சொன்னான்.

செல்வி வீடு பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே. என்னைக் குழாயடியில் உட்காரவைத்துத் தலையோடு தண்ணீர் ஊற்றினாள். பிறகு தன்னுடைய பூப்போட்ட நைட்டி ஒன்றையும் துண்டையும் கொடுத்தாள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருந்தது. அது என் தோளுக்கு மேலே இருந்தது.

"காவ்யா நல்லா பேசினா இல்ல?" என்றேன் தலையைத் துவட்டிக்கொண்டே.

செல்வி நனைந்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். "அது நான் சொன்னது மேடம்" என்றாள். "அன்னிக்கு ராத்திரி இவள தோள்மேல வெச்சினு கழுத்தளவு தண்ணில வந்தேன். வழியெல்லாம் அததான் சொல்லினே வந்தேன். ஒரு வார்த்த மாத்தாம அப்டியே சொல்றா. அவ கத்தின கத்துல காதுல உழுந்துருக்காதுன்னுதான் நெனச்சினு இருந்தேன்."

எனக்குத் திரும்பவும் அழுகை வந்துவிட்டது. இந்த முறை அடக்க முடியவில்லை. அதே கண்ணோடு, அதே நைட்டியோடு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தேன்.

அங்கேதான் அடுத்தது காத்திருந்தது.

லாரி உரிமையாளர்கள் சங்கத் தலைவர் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். சால்வை போட்டிருந்தார்கள், பக்கத்தில் புகைப்படக்காரர் நின்றார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. மைதானத்தில் நுழைந்ததும் அவர் கண்ணில் பட்டது, ஈரத் தலையும் வீங்கிய கண்ணும் அளவில்லாத நைட்டியுமாக விசும்பிக்கொண்டு வருகிற ஒரு பெண்.

"வாம்மா, வா. முதல்ல இந்தப் பொண்ணுக்குக் குடுங்க" என்றார்.

"சார், நான் வந்து... நான் கம்பெனில..."

"கம்பெனி வேலையும் போயிடுச்சா? அடப் பாவமே!"

"இல்ல சார், நான் யானை..."

அவர் கண்கலங்கிவிட்டார். "அதிர்ச்சிம்மா. எல்லாம் சரியாயிடும்" என்று என் தலையைத் தொட்டார். ஒரு பக்கெட்டை என் கையில் கொடுத்தார். அதற்குள் அரிசி, பாய், சோப்பு, ஒரு போர்வை. நான் ரகுராமன் சாரைப் பார்த்தேன். அவர் தலைவருக்குப் பின்னால் நின்று, 'வாங்கிக்கோங்க, வாங்கிக்கோங்க' என்று கண்ணைக் காட்டினார். புகைப்படக்காரர், "மேடம், ரெண்டு கையால வாங்குங்க, இந்தப் பக்கம் பாருங்க" என்றார். பார்த்தேன்.

பிறகு பக்கெட்டை செல்வியிடம் கொடுத்தேன். அவள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தனியா குடுத்துட்டாங்க மேடம். இது ஒங்க பேர்ல வந்தது." அரிசி, போர்வை, பாய் எல்லாவற்றையும் சத்துணவுக் கூடத்தில் வைத்தேன். பக்கெட்டையும் வைத்தேன். வேன் கிளம்பும்போது ஏதோ ஒரு புண்ணியவான் அதை என் சீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தான்.

அன்றைய திருவிழா என்னவோ தோல்விதான். பலூன்களை யாரும் ஊதவில்லை. கேசரி அடிப்பிடித்துவிட்டது, கிண்ட வேண்டியவர்கள் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் இழுக்க வந்த பிள்ளைகள் யாரும் வீட்டுக்குத் திரும்பவில்லை. அடிப்பிடித்த கேசரியைத் தின்றுகொண்டு, வகுப்பில் உட்கார்ந்து, யானை ஓடிய கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காவ்யா வராந்தாவில், வெயிலில் காயவைத்த யானைத் தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். செல்வி கூப்பிட்டதற்கு, "நீ போம்மா. இது காயற வரைக்கும் நான் பாத்துக்கிறேன். நாய் வந்து கடிக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

மார்கழி பிறந்துவிட்டது. பனிக்காலத்தில் அவ்வளவு பஞ்சு சுலபமாகக் காயாது. காவ்யா தினமும் காலையில் வந்து தொட்டுப் பார்ப்பாளாம், "இன்னும் ஈரமாதான் கீது டீச்சர்" என்று ரிப்போர்ட் கொடுப்பாளாம். மழை வருகிற மாதிரி இருட்டினால் அதை வகுப்புக்குள் தூக்கிவந்து தன் பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொள்வாளாம். தலை நன்றாகக் காய்ந்த பிறகும், "உள்ள ஈரம் இருக்குது, நாளைக்கும் பாக்கணும்" என்றாராம் ஸ்டெல்லா டீச்சர். வாடகைக் கடைக்காரர் ஒரு காலும் முதுகும் இல்லாத யானையைத் திரும்ப எடுக்க மறுத்துவிட்டதால் தலை அங்கேயே தங்கிவிட்டது. யானை ஓடிய அந்த வாரக் கடைசியிலேயே, காலை ஷிஃப்ட் வேனிலிருந்து செல்வி இறங்கி வருவதை நான் கம்பெனி வாசலில் பார்த்தேன். என்னைக் கண்டதும் தும்பிக்கை மாதிரி கையை ஆட்டினாள். மொத்த வேனும் ஆட்டியது.

படம் திருவிழாவுக்கு மறுநாளே நாளிதழில் வந்துவிட்டது. 'வெள்ளத்தில் அனைத்தையும் இழந்த பெண்ணுக்கு நிவாரணம்' என்று தலைப்பு. பெரியபாளையத்தில் தேங்காய் வாங்க வந்த ஒருவர் அதை அத்தையிடம் காட்டி, "இது உங்க மருமவ இல்ல?" என்று கேட்டிருக்கிறார். நான் வீடு திரும்பும்போது வாசலில் பத்துப் பேர். அத்தை நடுவில் உட்கார்ந்திருந்தார். மடியில் பேப்பர், பக்கத்தில் அந்தப் பழைய புடவை, ஒரு சீப்பு வாழைப்பழம், யாரோ கொடுத்த பன் பாக்கெட்.

"ஏம்மா சுகந்தி" என்றார் நிதானமாக. "நம்ம ஊட்டுல எது இல்லன்னு அங்க போயி பக்கெட்டு வாங்கின?"

நான் முழுக்கதையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அத்தை தரையில் படுத்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மாமியாரும் மருமகளுமாக இருந்த நாங்கள் கொஞ்சம் சிநேகிதிகளானது அன்றிலிருந்துதான். அந்தப் பன்னைக்கூட இருவரும் டீயில் தொட்டுத் தின்றோம்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எனக்கு யாரும் எதையும் சாதாரணமாகக் கொடுப்பதில்லை. காபி டம்ளரோ தீபாவளிப் புடவையோ, கொடுப்பவர் நிமிர்ந்து நிற்பார்; நான் இரண்டு கையையும் நீட்ட வேண்டும்; என் வீட்டுக்காரர் முரளி, "மேடம், இந்தப் பக்கம் பாருங்க" என்பார். நிரந்தர உத்தரவு வந்த அன்று ரகுராமன் சாரே அப்படித்தான் கொடுத்தார்.

மகள் பிறந்தபோது, பொன்னேரி ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தேன். அத்தை குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். பின்னால் முரளி போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"ரெண்டு கையால வாங்கும்மா" என்றார் அத்தை.

வாங்கிக்கொண்டேன். அந்தப் படத்திலும் அழுதுகொண்டுதான் இருக்கிறேன்.